ரகசியத்தை யாரிடமிருந்து மறைக்கிறீர்கள்?

கேள்வி: அக்காவின் பெயரில் உள்ள வீட்டைத் தங்கை போலிக் கையெழுத்துப் போட்டு அடமானம் வைத்துவிடும் கதையொன்றை உங்கள் இதழுக்கு அனுப்பியிருந்தேன். தங்கையே சொல்வதாக அமைந்த கதை. துரோகம் செய்தவள் அவள்தான் என்பது கடைசிப் பத்தியில்தான் வெளிப்படும். 'ரகசியம் காலம் கடந்து வருகிறது' என்று ஒரே வரி எழுதித் திருப்பி அனுப்பிவிட்டீர்கள். முன்கூட்டியே சொல்லிவிட்டால் அதில் என்ன சஸ்பென்ஸ்? வாசகர் எதற்காகக் கடைசிவரை படிக்க வேண்டும்?

பதில்: ஒரே வரியில் திருப்பி அனுப்பியது எங்கள் தவறு. பன்னிரண்டு பக்கம் எழுதியவருக்கு அதைவிட நீண்ட விளக்கம் உரியது. அதை இங்கே தருகிறேன். எங்கள் முடிவில் மட்டும் மாற்றமில்லை.

உங்கள் கதையின் நான்காம் பக்கத்தில், மதில் எழுப்புவதற்கு முன் அளவைச் சரிபார்க்க வேண்டும், பத்திரத்தை எடுத்து வா என்று அக்கா கேட்கிறாள். 'பீரோ சாவியை எங்கே வைத்தேன் என்று நினைவில்லை, நாளைக்குத் தேடிப் பார்க்கிறேன் அக்கா' என்கிறாள் தங்கை. அக்காவும் சரியென்று சொல்லிவிட்டு, தங்கையின் மகளை மடியருகே இழுத்துத் தலைவாரத் தொடங்குகிறாள். முதல் வாசிப்பில் இந்த இடத்தில் நான் நிற்கவே இல்லை. சாவி காணாமற்போவது எந்த வீட்டிலும் நடப்பதுதான். கடைசிப் பத்தியைப் படித்துவிட்டுத் திரும்பி வந்தபோதுதான், பத்திரம் அந்தப் பீரோவிலேயே இல்லை என்பதும், ஏமாற்றப்பட்டவளின் விரல்கள் ஏமாற்றியவளின் பிள்ளைக்குச் சிக்கெடுத்துக்கொண்டிருக்கின்றன என்பதும் எனக்கு உறைத்தன. அடமான விஷயத்தை இரண்டாம் பக்கத்திலேயே சொல்லியிருந்தீர்களானால், இந்தக் காட்சியில் ஓர் எழுத்தைக்கூட மாற்றாமலே எங்களை மூச்சடக்கிப் படிக்கவைத்திருப்பீர்கள். கதையின் மிகச் சிறந்த இடத்தை நீங்களே வாசகரின் கண்ணிலிருந்து மறைத்துவிட்டீர்கள் என்பதுதான் என் வருத்தம்.

இதைவிடப் பெரிய குறை ஒன்று உண்டு. கதையைச் சொல்பவள் தங்கை. கணவனின் இருமல், மகளின் பள்ளிக் கட்டணம், பக்கத்து வீட்டாரின் பார்வை என்று தன் மனத்தில் ஓடுவதையெல்லாம் 'நான்', 'நான்' என்று சொல்லிக்கொண்டே போகிறவள், இரவுத் தூக்கத்தைக் கெடுக்கும் அந்த ஒரே செய்தியை மட்டும் பன்னிரண்டு பக்கமும் நினைக்காமலே இருக்கிறாள். குற்றம் செய்த மனம் அப்படி இயங்காது. அக்காவிடம் மறைக்க அவளுக்குக் காரணம் இருக்கிறது. தனக்குத்தானே பேசிக்கொள்ளும்போது மறைக்க ஒரு காரணமும் இல்லை. ஆகவே மறைத்தது அவளல்ல, நீங்கள். அக்காவே சொல்வதாக எழுதியிருந்தால் பேச்சு வேறு; அவளுக்குத் தெரியாதது நமக்கும் தெரியாமலிருப்பதில் நியாயம் உண்டு. பொய் சொல்லும் கதைசொல்லியை வைத்து எழுதியவர்கள் இல்லையா என்று கேட்பீர்கள். இருக்கிறார்கள். அவர்களில் தேர்ந்தவர்கள், அந்தப் பாத்திரம் யாரிடம், எதற்காகப் பொய் சொல்கிறது என்பதையும் கதைக்குள்ளேயே வைத்திருப்பார்கள்.

ஹென்ரிக் இப்சன் 1881-இல் வெளியிட்ட 'ஆவிகள்' நாடகத்தில் மூன்று அங்கங்கள் உள்ளன. மறைந்த கணவரின் நினைவாக எழுப்பிய அனாதை இல்லம் மறுநாள் திறக்கப்படவிருக்கும் நிலையில், ஊர் போற்றும் அந்த மனிதர் ஒழுக்கம் கெட்டு வாழ்ந்தவர் என்பதையும், அந்நாளில் வீட்டில் இருந்த பணிப்பெண்ணிடம் அவருக்கு இருந்த தொடர்பையும் திருமதி ஆல்விங் பாதிரியாரிடம் முதல் அங்கத்திலேயே சொல்லிவிடுகிறார். உடனே அடுத்த அறையில் நாற்காலி சாயும் ஓசை கேட்கிறது. தன்னை விடும்படி மகன் ஓஸ்வால்டிடம் இப்போதைய பணிப்பெண் ரெகினா தணிந்த குரலில் சொல்வதும் கேட்கிறது. அப்படியென்றால் ரெகினாதான் அந்தத் தொடர்பில் பிறந்தவளா என்று பாதிரியார் கேட்க, ஆம் என்கிறார் தாய். தாங்கள் ஒரே தந்தையின் பிள்ளைகள் என்பது அந்த இருவருக்கும் மூன்றாம் அங்கத்தில்தான் தெரியவரும். அதுவரை, தெரிந்தும் தடுக்க முடியாதவர்களாக நாமும் அந்த வீட்டுக்குள் உட்கார்ந்திருக்கிறோம். 1938-இல் மேடையேறிய பாட்ரிக் ஹாமில்டனின் 'கேஸ்லைட்' நாடகத்திலும், கணவன் ஒரு கொலைகாரன் என்பதை மனைவியிடம் முதல் அங்கத்திலேயே சொல்லிவிடுகிறார்கள். ஒருவரைத் தன் புத்தியையே சந்தேகிக்கவைக்கும் கொடுமைக்கு ஆங்கிலத்தில் இன்று வழங்கும் சொல், இந்த நாடகத்தின் பெயரிலிருந்து வந்ததுதான். வாசகர் எதற்காகக் கடைசிவரை படிக்க வேண்டும் என்று கேட்டீர்களே, இதற்காகத்தான்: செய்தது யார் என்ற கேள்வி ஒரே பதிலில் தீர்ந்துவிடும், உங்கள் கதையின் அக்காவுக்கு எப்போது தெரியும், தெரிந்த பிறகும் அந்தக் குழந்தைக்குத் தலைவாரிவிடுவாளா என்ற கேள்வி அவ்வளவு எளிதில் நம்மை விடாது.

இன்னொன்றையும் கேட்க வேண்டும். உங்கள் கதையில் அம்மா மூன்று முறை வருகிறார்; மூன்று முறையும் அக்கா அறைக்குள் நுழைந்ததும் பேச்சை மாற்றுகிறார். அவருக்குத் தெரியுமா? வீட்டு ரகசியம் பெரும்பாலும் ஒரே ஆளிடம் இருப்பதில்லை. ஒருவர் செய்திருப்பார், இன்னொருவர் அறிந்திருப்பார், மூன்றாமவர் அரைகுறையாக ஊகித்துவிட்டு, கேட்டால் குடும்பம் உடைந்துவிடுமோ என்று வாயை மூடிக்கொண்டிருப்பார். பணத்தை இழந்ததைக்கூட அக்கா ஒருநாள் பொறுத்துக்கொள்ளலாம். தனக்குச் சோறு பரிமாறிய அம்மாவும் இத்தனை நாள் தெரிந்தே இருந்தார் என்பதை அவளால் எப்படிப் பொறுக்க முடியும்? உங்கள் கையிலேயே இருக்கும் இந்தப் பெரிய துரோகத்தை நீங்கள் தொடவே இல்லை.

கடைசியாக ஒன்று. நாளைக்குத் தேடுகிறேன் என்று சொன்ன தங்கையிடம், மறுநாளும் அதற்கடுத்த நாள்களிலும் அக்கா சாவியைப் பற்றி மறுபடி கேட்கவே இல்லை. எழுதும்போது நீங்கள் மறந்துவிட்டீர்களா, இல்லை, அக்காவுக்கு அதற்குள் தெரிந்துவிட்டதா? அதை முடிவுசெய்துகொண்டு, பன்னிரண்டாம் பக்கத்துப் பத்தியை இரண்டாம் பக்கத்துக்குக் கொண்டுவந்து, கதையைத் திருத்தி அனுப்புங்கள். இம்முறை முதல் வாசகனாக நானே படிக்கிறேன்.