சம்பந்தி பந்தைக் காலால் தள்ளுகிறார், என்ன செய்ய?

கோல்ஃப் பற்றிக் கேள்விகள் அனுப்புங்கள் என்று போன இதழில் கேட்டிருந்தோம். ஸ்விங், கிரிப், எந்த டிரைவர் வாங்கலாம் என்றெல்லாம் வரும் என்று உட்கார்ந்திருந்தால், வந்து சேர்ந்தது முழுக்கக் கூட ஆடுகிறவர்கள் மேல் புகார். சரி, இந்தத் தடவை அதையே பார்த்துவிடுவோம்.

கேள்வி: ஞாயிற்றுக்கிழமை காலையில் நாலு பேர் சேர்ந்து ஆடுகிறோம். அதில் ஒருவர் என் சம்பந்தி. போன வருஷம்தான் மகளை அந்த வீட்டில் கொடுத்தோம். நான் பட் அடிக்க, அதாவது பந்தைக் குழிக்குள் உருட்டக் குனிந்தால் அவருக்குப் போன் வரும், "ஏனுங்க, அந்த லோடு என்னாச்சுங்க" என்று குழி இருக்கும் கிரீனிலேயே நின்று பேசுவார். என் பந்துக்கும் குழிக்கும் நடுவில் சாவகாசமாக நடந்து போவார். அதைக்கூட விட்டுவிடலாம். ரஃபில், அந்த உயரப் புல்லுக்குள், பந்து மோசமாகக் கிடந்தால் ஷூவால் லேசாக ஒரு தள்ளு தள்ளிவிட்டு அடிக்கிறார். இரண்டு இரண்டு பேராகப் பிரிந்து ஹோலுக்கு நூறு ரூபாய்ப் பந்தயம் வேறு. மற்ற இருவரும் என்னைப் பார்க்கிறார்கள், நான் வானத்தைப் பார்க்கிறேன். சொன்னால் மகள் வீட்டில் பேச்சு வருமோ என்று பயமாக இருக்கிறது.
பெயர் வேண்டாம், திருப்பூர்

பதில்: முதலில், எல்லாவற்றையும் ஒரே புகாராகச் சேர்க்காதீர்கள். போனும் குறுக்கே நடப்பதும் பழக்கம் தெரியாமல் செய்வது. பந்தைத் தள்ளுவது தெரிந்தே செய்வது. முன்னதைச் சிரித்துக்கொண்டே சொல்லிவிடலாம், பின்னதைச் சிரிக்காமல் சொல்ல வேண்டியிருக்கும்.

நம் பக்கம் கோல்ஃப் ஆட வருகிறவர்களில் நிறையப் பேர் தொழில் ஒரு நிலைக்கு வந்த பிறகு, நாற்பது ஐம்பது வயதுக்கு மேல் கிளப்பில் சேருகிறார்கள். பந்தை அடிக்கக் கோச் வைத்துக் கற்றுக்கொள்கிறார்கள். எங்கே நிற்பது, எப்போது பேசாமல் இருப்பது என்பதை யாரும் சொல்லித்தருவதில்லை. சம்பந்திக்கும் யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். காரணத்தோடு சொன்னால் ஏற்றுக்கொள்வார். கிரீனில் புல்லை ஒட்ட வெட்டியிருப்பார்கள், ஷூ அழுத்திய இடத்தில் பந்து கொஞ்சம் விலகினாலும் போதும், குழியின் அகலமே 108 மில்லிமீட்டர்தான். "சம்பந்தி, என் லைன் அப்படிப் போகுதுங்க, இந்தப் பக்கமா வந்துருங்க" என்று அவர் காலை வைப்பதற்கு முன்னால் சொல்லுங்கள். மிதித்த பிறகு சொன்னால்தான் குத்திக்காட்டுகிற மாதிரி இருக்கும்.

போனுக்கு, முதல் டீயில் (ஆட்டம் தொடங்கும் இடத்தில்) நின்று நாலு பேருக்கும் பொதுவாக, "இன்னைக்குப் போனெல்லாம் சைலண்ட்ல பேக்குக்குள்ள போட்டுரலாங்களா" என்று கேட்டு உங்கள் போனை முதலில் போடுங்கள். அவரும் தொழில் நடத்துகிறவர், லாரி நிற்கிறது என்றால் பேசாமல் இருக்க முடியாது. கிரீனை விட்டு இறங்கித் தள்ளிப் போய்ப் பேசட்டும். அவர் முறை என்று மற்ற மூவரும் கைகட்டி நிற்க வேண்டியதில்லை. 2019 முதல் விதிகளே, ஸ்ட்ரோக் பிளேயில் (மொத்த அடிகளை எண்ணும் ஆட்டத்தில்) யார் தயாராக இருக்கிறாரோ அவர் முதலில் அடிக்கலாம் என்கின்றன. உங்கள் பந்தயம் ஹோலுக்கு ஹோல் வெற்றி பார்க்கும் மேட்ச் பிளே என்பதால் அங்கே எதிரணியும் சம்மதிக்க வேண்டும், அதையும் முதல் டீயிலேயே பேசிவிடுங்கள்.

இப்போது அந்தத் தள்ளு. சில சமயம் கிளப்பில், கோர்ஸ் மோசமாக இருக்கும்போது, ஃபேர்வேயில் (புல்லை வெட்டி வைத்த பாதையில்) கிடக்கும் பந்தை எடுத்து நல்ல இடத்தில் வைத்துக்கொள்ளலாம் என்று லோக்கல் ரூல் போடுவார்கள். அன்றைக்கு அது அமலில் இருந்ததா என்று முதலில் போர்டைப் பாருங்கள். இருந்தாலும் அது கையால் எடுத்து வைப்பதற்குத்தான், ரஃபில் ஷூவால் நகர்த்துவதற்கு இல்லை. தன் பந்தைத் தானே நகர்த்தினால் 1 பெனால்டி (கணக்கில் ஒரு அடி கூடும்), பந்தைப் பழைய இடத்தில் வைத்து அடிக்க வேண்டும். வைக்காமல் நகர்ந்த இடத்திலிருந்தே அடித்தால் மேட்ச் பிளேயில் அந்த ஹோல் அவருக்குப் போச்சு, ஸ்ட்ரோக் பிளேயில் மொத்தம் 2 பெனால்டி.

இதையெல்லாம் அவர் முன்னால் நின்று ஒப்பிக்கச் சொல்லவில்லை. நான் சொல்வது ரொம்பச் சாதாரணமான வேலை: அவர் பந்து ரஃபுக்குள் போனால் தேடுவதற்கு நீங்களும் கூடவே போங்கள். பக்கத்தில் ஆள் நிற்கும்போது யாருக்கும் கால் நீளாது. பந்து மோசமாகக் கிடந்தால் நீங்களே ஆரம்பியுங்கள்: "புல்லு ரொம்ப அடர்த்தியா இருக்குதுங்களே சம்பந்தி, ஆட முடியாத பந்துன்னு அன்பிளேயபிள் எடுத்துக்கங்க, 1 பெனால்டி போகும், குழிக்குக் கிட்டப் போகாம ரெண்டு கிளப் நீளத்துக்குள்ள டிராப் பண்ணிக்கலாம்." அவருக்கு நேர்வழி ஒன்று கிடைக்கிறது, முகமும் கெடுவதில்லை. அப்படியும் தள்ளினார் என்றால் அந்த நிமிஷமே, குரலை உயர்த்தாமல், மற்ற இருவர் காதில் விழாத தூரத்தில், "பந்து நகந்துருச்சுங்க சம்பந்தி, பழைய இடத்துலயே வெச்சுருங்க" என்று சொல்லிவிடுங்கள். பதினெட்டு ஹோலும் முடித்து, கிளப்பில் டிபன் சாப்பிடும்போது ஆறாவது ஹோலில் நடந்ததைச் சொன்னால் அது சண்டையில்தான் போய் முடியும்.

இதற்கும் அசையாவிட்டால் பந்தயத்தை நிறுத்துங்கள். கணக்கு வைப்பது தொல்லையாக இருக்கிறது, ஸ்டேபிள்ஃபோர்டு முறையில் ஹோலுக்கு ஹோல் பாயிண்ட் போட்டு ஆடலாம், தோற்றவர் காபி வாங்கட்டும் என்று சொன்னால் யாரும் காரணம் கேட்கப்போவதில்லை. நூறு ரூபாய் போனால் பாதி ஆசை போய்விடும். அதை விட்டுவிட்டு, மகளிடமோ மாப்பிள்ளையிடமோ இதைப் பற்றி வாயைத் திறக்காதீர்கள். அந்தப் பெண் தன் மாமனாரிடம் எதைச் சொல்லும், எப்படிச் சொல்லும்?

கிளப் போட்டி என்றால் கதையே வேறு. அங்கே ஆடுகிற எல்லாருடைய கணக்கும் இதில் அடங்கியிருக்கிறது. அவர் ஸ்கோர் கார்டைக் கொடுப்பதற்கு முன் நீங்கள் கமிட்டியிடம் சொல்ல வேண்டும், நீங்கள் அவர் ஸ்கோரைக் குறிக்கும் மார்க்கராக இருந்து ஸ்கோர் தப்பு என்று தெரிந்தால் கையெழுத்துப் போடக் கூடாது. தெரிந்தே போட்டால் உங்களுக்கும் தகுதிநீக்கம் வரும். சம்பந்தி கார்டை மார்க் பண்ணுகிற இடத்தில் நீங்கள் நிற்காமல் இருப்பதே உத்தமம், டிரா போடும்போதே வேறு குரூப் கேட்டுக்கொள்ளுங்கள்.

கேள்வி: ஆபீஸ் சீனியர் ஒருவரோடு ஆடுகிறேன். நல்ல மனிதர்தான். ஆனால் நான் அடிக்கிற ஒவ்வொரு ஷாட்டுக்கும் கிளாஸ் எடுக்கிறார். "தலையைத் தூக்காதேம்மா, தோளைத் திருப்பும்மா, ஏழு நம்பர் அயர்ன் எடும்மா." அவர் ஸ்கோரும் என் ஸ்கோரும் ஏறக்குறைய ஒன்றுதான் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.
வாசகி, பீளமேடு, கோவை

பதில்: கடைசி வரியில் எல்லாம் விளங்கிவிட்டது! ஆண்களுக்கு ஆண்களும் இப்படிப் பாடம் எடுக்கிறார்கள், ஆனால் ஒரு பெண் கிளப்பைக் கையில் எடுத்ததும் கோர்ஸில் இருக்கிற எல்லாருமே கோச் ஆகிவிடுகிறார்கள், அது என்ன வியாதியோ தெரியவில்லை.

உங்களுக்கு விதியே துணை நிற்கிறது. போட்டி ஆட்டத்தில் ஒருவருக்கொருவர் யோசனை சொல்லக் கூடாது, விதி 10.2. எந்தக் கிளப் எடுப்பது, எப்படி அடிப்பது என்று சொன்னால் சொன்னவருக்கு ஸ்ட்ரோக் பிளேயில் 2 பெனால்டி. "சார், சொல்லாதீங்க, உங்களுக்குத்தான் 2 போகும்" என்று அக்கறையாகச் சொல்லிப் பாருங்கள். குழி எவ்வளவு தூரம், மணல் பங்கர் எங்கே என்பதெல்லாம் யோசனையில் சேராது, அதைச் சொன்னால் வாங்கிக்கொள்ளுங்கள். ஃபோர்பால் மாதிரி, இருவரும் ஒரே அணியாக ஆடும் ஆட்டத்தில் மட்டும் அவர் சொல்லலாம், அங்கே இந்த ஆயுதம் செல்லாது.

சும்மா ஆடும் நாளில் விதியை இழுக்க வேண்டாம். "இன்னைக்கு நானே அடிச்சுப் பாக்கறனுங்க சார், தப்பானா பிராக்டிஸ் ரேஞ்சுல வெச்சுச் சொல்லிக்குடுங்க" என்று முதல் ஹோலிலேயே சொல்லிவிடுங்கள். ஒன்று கவனியுங்கள், ஒரு ஷாட் நன்றாகப் போனதும் "இப்பச் சரிங்களா சார்" என்று திரும்பிப் பார்க்கிற பழக்கம் இருந்தால் விடுங்கள். பாடம் அங்கிருந்துதான் மறுபடி தொடங்கும்.

கேள்வி: எங்கள் குரூப்பில் ஒரு அண்ணன், பை தூக்கி வரும் கேடியைக் கண்டபடி பேசுகிறார். அந்த கேடிக்கு அவரைவிட வயது அதிகம். பட் விலகிப்போனால் "லைன் தப்பாச் சொல்லிட்டியேடா" என்று எல்லார் முன்னாலும் கத்துகிறார். எனக்குக் கூசுகிறது. அவர் எங்களுக்குப் பெரிய ஆர்டர் கொடுக்கிறவர்.
ஒரு வாசகர், கரூர்

பதில்: இதற்குச் சுற்றிவளைத்து எதுவும் சொல்லப்போவதில்லை. மரியாதையாகப் பேசுகிற ஊர் என்று பெருமை அடித்துக்கொள்கிறோம், அந்த மரியாதை யார் வரைக்கும் போய் நிற்கிறது என்பதைக் கோர்ஸில் ஒரு காலைப்பொழுது நடந்தால் பார்த்துவிடலாம்.

கேடி லைன் சொல்வார், கேட்பதும் கேட்காததும் அடிக்கிறவர் பாடு. பட்டரைப் பிடித்திருந்தது யார்? திருப்பிப் பேசினால் அன்றைய கூலியும் டிப்ஸும் போகும், அதனால் அவர் வாயை மூடிக்கொண்டு பையைத் தூக்கிக்கொண்டு நடக்கிறார், அவ்வளவுதான். விளையாட்டை அறிந்தவர்கள் என்று பார்த்தால், 1991-ல் இந்தியன் ஓப்பன் வென்ற அலி ஷேரும் 2009-ல் வென்ற முனியப்பாவும் கேடியாக இருந்து வந்தவர்கள். நம் அண்ணன் எந்த ஓப்பன் வென்றார்?

ஆர்டரை நினைத்துப் பயப்படுகிறீர்கள், புரிகிறது. அவரைத் திருத்த முடியாவிட்டாலும், அவர் கத்தும்போது நீங்கள் சும்மா நிற்காமல் இருக்கலாம். "அண்ணா, அவரு சொன்ன லைன்தானுங்க எனக்கும் பட்டுது, கிரீன்தான் ஏமாத்திருச்சு" என்று உடனே உள்ளே வாருங்கள். அடுத்த ஹோலுக்கு நடக்கும்போது தனியாக, "விடுங்கண்ணா, பெரியவரு, எல்லார் முன்னாலயும் வேண்டாமுங்க" என்று ஒரு வார்த்தை. கேடியிடம் "வாங்க, போங்க" என்று நீங்கள் பேசுவது அவர் காதில் விழுந்துகொண்டே இருக்கட்டும். ஆட்டம் முடிந்ததும் அந்தப் பெரியவரிடம் நீங்களும் ஒரு வார்த்தை பேசிவிட்டுக் கிளம்புங்கள். இதற்காக ஆர்டரை நிறுத்துகிற ஆள் என்றால், பணம் பாக்கி இருக்கும்போது உங்களிடம் எப்படி நடந்துகொள்வார் என்பதும் இப்போதே தெரிந்துவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: புதிதாக ஆடுகிறேன். பார்ட்னர் எப்போது பார்த்தாலும் பெருமூச்சு விடுகிறார், வாட்சைப் பார்க்கிறார். கற்றுக்கொள்கிறவனிடம் இப்படி நடந்துகொள்வது நாகரிகமா?
தென்னந்தோப்புக்காரர், பொள்ளாச்சி

பதில்: பெருமூச்சு நாகரிகம் இல்லைதான். ஆனால் அவர் எதற்கு வாட்சைப் பார்க்கிறார் என்பதையும் யோசித்துவிடுவோம். மோசமாக அடிப்பதில் தப்பே இல்லை. மெதுவாக அடிப்பதுதான் மற்றவர் பொழுதைத் தின்பது. நாலு பேர் 18 ஹோல் முடிக்க நாலு, நாலரை மணி நேரம் ஆகும், அதற்கு மேல் இழுத்தால் பின்னால் வருகிற குரூப்பும் சேர்ந்து திட்டும்.

உங்கள் முறை வந்தால் 40 நொடிக்குள் அடித்துவிட வேண்டும் என்பது விதிகள் சொல்கிற பரிந்துரை. மற்றவர் அடிக்கும்போதே கிளப்பைத் தேர்ந்தெடுத்துத் தயாராக இருந்தால் தாராளமாகப் போதும், நாலு பிராக்டிஸ் ஸ்விங் வேண்டாம். காணாமல் போன பந்தைத் தேட முன்பு 5 நிமிஷம் கொடுத்தார்கள், 2019-லிருந்து 3 நிமிஷம்தான். நம் பக்கம் ஆடியில் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று அடிக்கிற அடியில் பந்து எந்தப் பக்கம் போய் விழுந்தது என்றே தெரியாது, அதனால் சந்தேகம் என்றால் அங்கேயே "புரொவிஷனல்" (தற்காலிகப் பந்து) என்று சொல்லிவிட்டு இன்னொரு பந்தை அடித்துவிட்டு நடங்கள். சொல்லாமல் அடித்தால் அந்த இரண்டாவது பந்துதான் ஆட்டத்தில் இருக்கும், பெனால்டியோடு. சும்மா ஆடும் நாளில் ஒரு ஹோலில் எட்டு, ஒன்பது என்று போய்க்கொண்டிருந்தால் பந்தைக் கையில் எடுத்துக்கொண்டு அடுத்த டீக்குப் போய்விடலாம், யாரும் குறையாக நினைக்க மாட்டார்கள். நினைப்பது இருக்கட்டும், சந்தோஷப்படுவார்கள்.

இவ்வளவும் செய்த பிறகும் பெருமூச்சு விட்டால், "எங்கே நேரம் போகுதுன்னு சொல்லுங்கண்ணா, திருத்திக்கறேன்" என்று நேராகக் கேட்டுவிடுங்கள்.

கேள்வி: கேடி இருக்கும்போது பங்கரை நாம் ஏன் ரேக் பண்ண (மணலைச் சமன்படுத்த) வேண்டும் என்று என் பார்ட்னர் கேட்கிறார். கிரீனில் பந்து விழுந்த பள்ளத்தையும் அப்படியே விட்டுவிட்டு நடக்கிறார்.
ஒரு வாசகர், ஈரோடு

பதில்: கேடி இருந்து அவர் செய்தால் சரி. இல்லாவிட்டால் அடித்தவர் வேலை. பள்ளத்தைச் சொல்லிச் சொல்லிப் பார்ப்பதைவிட அவர் பள்ளத்தை ஒரு தடவை நீங்களே சரி பண்ணிக் காட்டுங்கள். நிறையப் பேர் தெரியாமல் தப்பாகச் செய்கிறார்கள்: பள்ளம் சரி பண்ணும் முள்ளைக் குத்தி நடுவை நெம்பித் தூக்குகிறார்கள், வேர் அறுந்து அந்த இடம் காய்ந்து போகிறது. முள்ளைப் பள்ளத்தின் விளிம்புக்கு வெளியே குத்தி, சுற்றிலும் இருக்கும் புல்லை நடுவை நோக்கித் தள்ள வேண்டும், நாலு பக்கமும் தள்ளியபின் பட்டரின் அடியால் தட்டிச் சமன் பண்ணினால் முடிந்தது, பத்துப் பதினைந்து நொடிதான். பங்கரில் தாழ்வான பக்கமாக இறங்கி, வந்த கால்தடத்திலேயே பின்னால் நகர்ந்துகொண்டே ரேக் பண்ணிக்கொண்டு வெளியே வரச் சொல்லுங்கள். உயரமான கரையில் ஏறி வெளியே வந்தால் கரை சரிந்துவிடும், அதை ரேக்கால் சரி பண்ண முடியாது.