விளையாட ஓர் இடம்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: கும்பகோணத்தில் நாங்கள் 14 பேர் ஞாயிறுதோறும் சேர்ந்து போர்டு கேம் ஆடுகிறோம். கட்டான் மாதிரி புதுசும் உண்டு, தாயமும் ஆடுபுலி ஆட்டமும் உண்டு. இதுவரை ஒரு நண்பர் வீட்டு மாடியில் ஆடினோம், இப்போது அதை வாடகைக்கு விட்டுவிட்டார்கள். காபி ஷாப்பில் உட்கார்ந்தால் ஒரு மணி நேரத்தில் பில்லை வைத்துவிட்டு நிற்கிறார்கள். ஏசி மினி ஹால் விசாரித்தோம், வாடகையைக் கேட்டதும் திரும்பிவிட்டோம். ஆளுக்கு மாதம் 100 ரூபாய் போடத் தயார். 1,400 ரூபாய்க்குள் எங்காவது கிடைக்குமா?

பதில்: கிடைக்கும். ஆனால் மாத வாடகைக்கு ஒரு ரூம் பிடிக்கும் யோசனையை முதலில் விடுங்கள். அட்வான்ஸ், மாத வாடகை, கரண்டு பில் எல்லாம் சேர்ந்தால் நாலு ஞாயிறு ஆடுவதற்கு முழு மாதத்துக்கும் அழ வேண்டும். வேறொருவர் ஏற்கெனவே வைத்திருக்கிற, ஞாயிறு மத்தியானம் பூட்டிக் கிடக்கிற இடத்தைத் தேடுங்கள்.

என்னைக் கேட்டால் முதலில் பென்ஷனர் சங்கக் கட்டடத்துக்குத்தான் போகச் சொல்வேன். டெல்டா ஊர்களில் பென்ஷனர் சங்கம், வர்த்தகர் சங்கம், தொழிற்சங்கம் என்று ஏதாவது ஒன்றுக்குச் சொந்தமாக ஒரு ஹால் இருக்கும், மாதத்தில் ஓரிரு கூட்டம் நடக்கும், மற்ற நாளில் செயலாளர் வீட்டு ஆணியில் சாவி தொங்கும். நீளமான மேசை, பிளாஸ்டிக் நாற்காலி, ஃபேன், பாத்ரூம் எல்லாம் அங்கேயே இருக்கும். பெரியவர்கள் எட்டிப் பார்த்தால் கூப்பிட்டு உட்கார வையுங்கள். தாயக்கட்டையை உருட்டிப் பழகிய கைகள் அவர்களுடையவை, ஒரு மாதத்தில் உங்களைவிட நன்றாக ஆடுவார்கள்.

அடுத்தது டியூஷன் சென்டர், பாட்டு கிளாஸ், பரதநாட்டிய கிளாஸ் நடக்கிற இடங்கள். டியூஷன் சென்டர் மார்ச் மாதப் பொதுத்தேர்வு முடியும்வரை ஞாயிறும் ஓடும், ஏப்ரல் மே மாதங்களில் பெரும்பாலும் காலியாகக் கிடக்கும். நாட்டிய கிளாஸ் ஹாலில் மேசை இருக்காது, பாய் விரித்துத் தரையில் ஆடலாம், ஆனால் இரண்டு மணி நேர ஆட்டமென்றால் முட்டி வலிக்கும், நடுவில் எழுந்து நடங்கள்.

கல்யாண மண்டபம் என்றதும் பயப்படாதீர்கள். ஆடியிலும் மார்கழியிலும் நம் பக்கம் கல்யாணம் கிடையாது, புரட்டாசியிலும் பலர் வைப்பதில்லை. அந்த மாதங்களில் சின்ன மண்டபத்து மேனேஜரிடம் போய், மேடையும் ஹாலும் வேண்டாம், பந்தி நடக்கிற டைனிங் ஹாலில் ஒரு மூலை மட்டும் போதும், ஜெனரேட்டர் வேண்டாம், சமையல் கிடையாது என்று சொல்லிப் பேசுங்கள். கரண்டுக்கும் கூட்டுவதற்கும் ஏதாவது கொடுத்தால் போதும் என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். பந்தி மேசையில் ஒரு பக்கம்தான் இலை போடுவார்கள் என்பதால் அகலம் குறைவு, கட்டான் பலகையை விரித்தால் ஆளாளுக்குச் சீட்டு வைக்க இடம் இருக்காது. இரண்டு மேசையை நீளப் பக்கங்கள் சேருமாறு பக்கத்தில் பக்கமாக ஒட்டிப் போட்டு மேலே கெட்டியான ஒரு துணியை விரித்துவிடுங்கள், சந்தில் காய் விழாது. தை, வைகாசி, ஆவணியில் அங்கே எட்டிக்கூடப் பார்க்க முடியாது, அதனால் மண்டபத்தை மட்டுமே நம்பாதீர்கள்.

கும்பகோணத்தில் ஹோட்டலை நம்பவே வேண்டாம். மற்ற ஊர்களில் மூணு மணியிலிருந்து டிபன் நேரம்வரை மேசை காலியாக இருக்கும், இங்கே சனி ஞாயிறில் நவக்கிரகக் கோயில் சுற்ற வருகிற வேன்கள் விடாமல் வந்து நிற்கும், உங்களுக்காக யாரும் மேசையைப் பிடித்து வைக்க மாட்டார்கள், அவர்களைக் குறை சொல்லவும் முடியாது.

இடம் பார்க்கப் போகும்போது ஃபேனைப் போட்டுப் பாருங்கள். சொல்ல வெட்கப்படுகிற அளவுக்குச் சின்ன விஷயம், ஆனால் ரெகுலேட்டர் வேலை செய்யாமல் முழு வேகத்தில் மட்டுமே சுற்றுகிற ஃபேனுக்குக் கீழே சீட்டு ஒன்றும் நிற்காது, ஃபேனை நிறுத்தினால் சித்திரை வெயிலில் நீங்கள் நிற்க மாட்டீர்கள். அப்புறம் பாத்ரூமில் தாழ்ப்பாள் இருக்கிறதா, தெருவில் விளக்கு எரிகிறதா என்று பாருங்கள். உங்கள் 14 பேரில் பெண்கள் எத்தனை என்று நீங்கள் எழுதவில்லை. திருவிடைமருதூர், பாபநாசம் பக்கமிருந்து வருகிற பெண்கள் பஸ் பிடித்து வீடு போய்ச் சேர வேண்டுமென்றால் ஆறரைக்கு ஆட்டத்தை முடித்துவிடுங்கள். தாழ்ப்பாளும் தெருவிளக்கும் சரியில்லாத இடம் இலவசமாகக் கிடைத்தாலும் வேண்டாம் என்றே சொல்வேன்.

பணம் வேண்டாம் என்று யாராவது சொன்னாலும் கொடுங்கள். சும்மா கொடுத்த இடத்தை எப்போது வேண்டுமானாலும் திருப்பிக் கேட்பார்கள். கூட்டிப் பெருக்குகிற அக்காவுக்கு 1,400இல் ஒரு பங்கைத் தனியாக, அவர் கையிலேயே கொடுங்கள். ஆட்டப் பெட்டிகளை அங்கே விட்டு வராதீர்கள், ஐப்பசி கார்த்திகை மழையில் அட்டை ஈரம் குடித்து வளைந்துவிடும், சீட்டு ஒன்றோடொன்று ஒட்டும். சீட்டுக்கு ஸ்லீவ் என்கிற பிளாஸ்டிக் உறை போட்டு, புதுச் செருப்புப் பெட்டியில் வருகிற சிலிக்கா ஜெல் பொட்டலத்தை உள்ளே போட்டு யாராவது ஒருவர் வீட்டுப் பரணில் வைப்பதே நல்லது.

கேள்வி: மன்னார்குடியில் இடம் கேட்டுப் போனால், 'சீட்டாட்டமா, போலீஸ் வரும்' என்கிறார்கள். நாங்கள் பணம் வைத்து ஆடுவதே இல்லை. சங்கமாகப் பதிவு செய்தால் நம்புவார்களா?

பதில்: அவர்கள் பயம் நியாயமானது. 'மனமகிழ் மன்றம்' என்று போர்டு மாட்டிக்கொண்டு உள்ளே காசு வைத்து ஆடியவர்களைப் பிடித்த செய்தி பேப்பரில் வராத மாதமா? இடம் கொடுத்தவரையும் சேர்த்து ஸ்டேஷனுக்குக் கூப்பிடுவார்கள். பணம் வைத்து ஆடுகிற சூதாட்டத்துக்குத்தான் தமிழ்நாட்டில் 1930ஆம் ஆண்டுச் சட்டம், நீங்கள் ஆடுவது அதில் வராது. ஆனால் சட்டம் பேசினால் சாவி கிடைக்காது. கட்டான் பெட்டி ஒன்றைக் கையோடு எடுத்துப் போய் அவர் மேசையில் திறந்து காட்டுங்கள். இது 1995இல் ஜெர்மனியில் வந்த ஆட்டம், செங்கல்லும் மரமும் கோதுமையும் மாற்றிக்கொண்டு ஊர் கட்ட வேண்டும், மூணு நாலு பேர் ஆடலாம் என்று சொல்லி அவர் பேரனை உட்கார வைத்து ஒரு சுற்று ஆடுங்கள். அப்புறம் அனுப்புநர், பெறுநர் போட்டு ஒரு பக்கக் கடிதம்: எந்தக் கிழமை, எத்தனை மணி, எத்தனை பேர், காசு கிடையாது, சிகரெட்டும் குடியும் கிடையாது, பொறுப்பு யார், போன் நம்பர் என்ன. கதவைத் திறந்தே வைத்து ஆடுங்கள். வாடகைப் பங்கை மாத ஆரம்பத்திலேயே வசூலித்துவிடுங்கள், ஆடுகிற மேசையில் ரூபாய் நோட்டு கண்ணிலேயே படக்கூடாது. 52 சீட்டுக் கட்டை ஆறு மாதத்துக்காவது வீட்டிலேயே விட்டு வாருங்கள், தப்பில்லாத ஆட்டமானாலும் ஜன்னல் வழியாகப் பார்ப்பவருக்கு வித்தியாசம் தெரியாது.

பதிவுக்கு இப்போதே அவசரப்பட வேண்டாம். 1975ஆம் ஆண்டுச் சங்கங்கள் பதிவுச் சட்டப்படி குறைந்தது 7 பேர் சேர்ந்து மாவட்டப் பதிவாளர் அலுவலகத்தில் பதியலாம், ஆனால் அதற்கப்புறம் வருஷா வருஷம் பொதுக்குழு, கணக்கு என்று ஒருவர் அலைய வேண்டும். ஒரு வருஷம் ஆடிப் பாருங்கள், பேங்க் கணக்கோ போட்டி நடத்தும் எண்ணமோ வரும்போது பதியலாம்.

கேள்வி: நான் திருவாரூர் பக்கம் கிராமத்தில் பிளஸ் டூ முடித்திருக்கிறேன். எங்களிடம் காசே இல்லை. நூலகத்தில் கேட்கலாமா?

பதில்: கேட்கலாம். நேராக இடம் கேட்காமல், வாசகர் வட்டத்தில் இருப்பவர்களைப் பிடித்து, லீவில் சின்னப் பிள்ளைகளுக்குச் செஸ்ஸும் பல்லாங்குழியும் சொல்லித் தருகிறோம் என்று ஆரம்பியுங்கள். சத்தம் போடுகிற ஆட்டத்துக்கு நூலகம் ஒத்துவராது, அதற்கு ஊராட்சி சமுதாயக் கூடம் இருக்கிறது, ஊராட்சி அலுவலகத்தில் நாலு பேர் சேர்ந்து போய்க் கேளுங்கள். அறுவடை நேரத்தில் சில ஊர்களில் அங்கே நெல் மூட்டை அடுக்கியிருப்பார்கள், அது காலியானதும் போங்கள்.