தூண் இடப்பக்கம் ஒரு மாதிரி, வலப்பக்கம் ஒரு மாதிரி: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி (ஓய்வுபெற்ற வங்கி ஊழியர், காக்ஸ் டவுன், பெங்களூரு): மகளைப் பார்க்க இங்கிலாந்து போயிருந்தேன். அவள் இருக்கும் கிராமத்துப் பங்குக் கோவிலில் பீடத்தைப் பார்த்து நின்றால், இடப்பக்கம் முழுக்கக் குட்டையான தடித்த தூண்கள், மேலே அரைவட்ட வளைவு. வலப்பக்கம் ஒல்லித் தூண்கள், கூரான வளைவு. ஜன்னல்களும் ஒன்றுபோல ஒன்று இல்லை. வாசலில் ‘12 முதல் 15ஆம் நூற்றாண்டு வரை’ என்று பலகை. முந்நூறு வருஷமாகவா கட்டினார்கள்? காசு பற்றாமல் நின்று நின்று கட்டியதா?

பதில்: பலகையைப் படித்துவிட்டு நகர்ந்துவிடாமல் இரண்டு பக்கத் தூண்களையும் ஒப்பிட்டுப் பார்த்திருக்கிறீர்களே ஐயா, அதற்காகவே நீளமாகச் சொல்கிறேன். ஒரே கட்டடத்தை முந்நூறு வருஷம் இழுத்தடிக்கவில்லை. சின்னதாக ஒன்று கட்டினார்கள், பிறகு ஊர் பெருகப் பெருக அதோடு ஒட்டிக்கொண்டே போனார்கள். தாத்தா கட்டிய ஓட்டு வீட்டுக்குப் பின்னால் அப்பா ஒரு சமையலறை இழுப்பார், பிறகு அண்ணன் பக்கவாட்டில் ஓர் அறை எடுப்பார், ஆனால் வீடு ஒன்றுதான். அங்கேயும் அப்படித்தான் நடந்தது.

அந்த ஊர்க் கோவில்களில் பீடம் கிழக்கே இருக்கும். அப்படியென்றால் நீங்கள் பார்த்த இடப்பக்கம் வடக்கு. கல்லறைத் தோட்டம் பெரும்பாலும் தெற்குப் பக்கத்தில் இருந்ததால், முதலில் இடம் தேடியவர்கள் பல ஊர்களில் வடக்கே கையை நீட்டினார்கள். அரைவட்ட வளைவும் தடித்த தூணும் நார்மன் காலத்து வேலை, அதாவது பிரான்சின் நார்மண்டியிலிருந்து வந்தவர்கள் இங்கிலாந்தைப் பிடித்த 1066-க்குப் பிறகு சுமார் 1190 வரை. தெற்குப் பக்கக் கூர் வளைவு அதற்கு அப்புறம் வந்தது. ஒரே சுவருக்குள் நின்றுகொண்டு, இந்தப் பக்கம் திரும்பினால் ஒரு கொத்தனார், அந்தப் பக்கம் திரும்பினால் அவருடைய பேரன் காலத்துக் கொத்தனார் என்று பார்த்திருக்கிறீர்கள்.

இதில் எனக்கு மிகவும் பிடித்தது அவர்கள் ஒட்டிய விதம். ஞாயிறு பூசை நிற்கக் கூடாது, கூரையும் இறங்கக் கூடாது. அதனால் முதலில் வெளியே ஒரு புதுச் சுவரை எழுப்பி, பழைய சுவருக்கும் அதற்கும் நடுவே கூரை போட்டுவிடுவார்கள். பிறகு பழைய சுவரில் தூண் வரவேண்டிய இடத்தில் மட்டும் குடைந்து தூணை நிறுத்துவார்கள். அப்புறம் மேலே கொஞ்சம் கொஞ்சமாகக் கல்லை எடுத்துவிட்டு வளைவுக் கல்லைச் செருகிக்கொண்டே போய், வளைவு சுமையைத் தாங்கிக்கொண்ட பின்னால் கீழே இருக்கும் சுவரை இடித்து எடுப்பார்கள். ஒரு பக்கம் பூசை, ஒரு பக்கம் சாரம். அடுத்த முறை போகும்போது தூண் வரிசை முடியும் இரண்டு ஓரங்களையும் பாருங்கள். பழைய சுவரில் இரண்டு மூன்று அடி துண்டாக நின்றுகொண்டிருக்கும். அதுதான் முதல் கோவிலின் மிச்சம்.

இன்னொன்றையும் பார்க்கச் சொல்வேன். கோபுரத்தின் கிழக்குச் சுவரில், இப்போதைய கூரைக்கு மேலேயோ சில இடங்களில் உள்ளேயோ, தலைகீழ் ‘வி’ மாதிரி ஒரு கல் வரம்பு ஓடும். நான் ஒரு கோவிலில் அதன் கீழே கழுத்து வலிக்க நின்று பார்த்திருக்கிறேன். மழைத்தண்ணீர் வழிந்து வழிந்து அந்த வரம்பு மட்டும் கறுத்திருந்தது. முன்பு அங்கே செங்குத்தான கூரை இருந்து, பிற்காலத்தில் ஈயத்தகடு போட்டுத் தட்டையாக்கிவிட்டார்கள். கூரை போய்விட்டது, அதன் தழும்பு சுவரில் நிற்கிறது.

ஜன்னல் ஒவ்வொன்றும் ஒரு மாதிரி இருந்ததற்கும் இதே காரணம்தான், அதை வைத்துத்தான் காலத்தையே கணிக்கிறார்கள். தாமஸ் ரிக்மன் என்பவர் 1817-இல் இந்தப் பாணிகளுக்குப் பெயர் வைத்துப் பிரித்துக் கொடுத்தார், இன்றைக்கும் அதுதான் புழக்கத்தில் இருக்கிறது. ஒல்லியாக, ஈட்டி முனை போல இருந்தால் 13ஆம் நூற்றாண்டு. மேலே கல்லில் பூவும் கொடியுமாகப் பின்னியிருந்தால் 14-இன் முன்பாதி. நேர்க்கோடாக மேலே போகும் கற்கம்பிகள், பெரிய அகலம், ஏகப்பட்ட வெளிச்சம் என்றால் 14-இன் பின்பாதியிலிருந்து 16-இன் தொடக்கம் வரை. இது கண்ணை வைத்துப் போடும் கணக்குதான். ஒரு ஊரில் புதுசு வந்த பிறகும் பக்கத்து ஊரில் பழசையே செய்துகொண்டிருந்த கொத்தனார்கள் உண்டு.

கேள்வி (இல்லத்தரசி, அல்சூர்): பழைய கோவில்களுக்குக் கூர் வளைவு ஏன்? அழகுக்கா?

பதில்: அழகுக்கு முன்னால் வசதிக்கு. அரைவட்டத்தில் உயரம் எப்போதும் அகலத்தில் பாதிதான். பத்தடி அகலம் என்றால் ஐந்தடிக்கு மேல் வளைவு எழும்பாது, அகலத்தைக் குறைத்தால் உயரமும் குறையும். கூர் வளைவில் இரண்டையும் தனித்தனியாக வைத்துக்கொள்ளலாம். அதோடு பாரத்தைப் பக்கவாட்டில் தள்ளுவது குறைந்து கீழ்நோக்கி இறக்கும், அதனால் சுவர் மெலியலாம், ஜன்னல் பெருக்கலாம். பாரிஸ் பக்கத்தில் சான் தெனி மடத்துக் கோவிலில் மடாதிபதி சுஜேர் கட்டிய பீடப்பகுதி 1144-இல் அர்ச்சிக்கப்பட்டது. இந்தப் பாணி முழு உருவம் எடுத்தது அங்கேதான் என்று சொல்வார்கள்.

கேள்வி (கல்லூரி மாணவி, ஃப்ரேசர் டவுன்): இங்கிலாந்தில் அத்தனை சின்ன ஊர்களில் அவ்வளவு பெரிய கோவிலுக்கு யார் பணம் கொடுத்தார்கள்? அரசரா, ஆயரா?

பதில்: பெரும்பாலும் ஊர்க்காரர்கள்தாம் அம்மா. ஒரு பழைய வழக்கத்தைத் தெரிந்துகொண்டால் பாதி கட்டடம் புரிந்துவிடும். பீடம் இருக்கும் பகுதியைப் பராமரிப்பது தசமபாகம் (விளைச்சலில் பத்தில் ஒரு பங்கு) வாங்குகிறவரின் பொறுப்பு, மக்கள் நிற்கும் நடுக்கூடம் பங்கு மக்களின் பொறுப்பு. தசமபாகம் பல ஊர்களில் எங்கேயோ இருந்த ஒரு மடத்துக்குப் போய்க்கொண்டிருந்தது. அந்த மடம் பீடப்பகுதிக்குச் செலவு செய்ய யோசிக்கும். அதனால்தான் கூடம் உயர்ந்து விரிந்து நிற்க, பீடப்பகுதி குட்டையாகப் பழைய கோலத்திலேயே ஒட்டிக்கொண்டிருக்கும் கோவில்களை இன்றும் பார்க்கலாம். வரவு செலவு கல்லிலேயே தெரிகிறது.

மக்கள் எப்படிச் சேர்த்தார்கள் என்றால், உயிலில் ஆட்டையும் துணியையும் எழுதிவைத்தார்கள், பங்கில் பீர் காய்ச்சி விற்று அந்த லாபத்தைக் கோவிலில் போட்டார்கள். கம்பளித் துணி வியாபாரம் கொழித்த சஃபோக் பக்கத்தில் லாங் மெல்ஃபர்ட் என்ற ஊர் இருக்கிறது. 15ஆம் நூற்றாண்டின் பின்பாதியில் அங்கே கோவிலையே புதிதாக எடுத்தார்கள். அதன் வெளிச்சுவரில், ஜன்னல்களுக்கு மேலே, காசு கொடுத்தவர்களின் பெயரைச் சொல்லி ‘இவர்கள் ஆன்மாவுக்காக ஜெபியுங்கள்’ என்று நீளமாகப் பொறித்திருக்கிறார்கள். நம் ஊரில் ட்யூப்லைட்டில் ‘உபயம்’ என்று எழுதுவோமே, அதே மனசுதான். கொடுத்தவனுக்கு ஒரு ஜெபம் வேண்டும், அவ்வளவுதான்.

இதைவிட எனக்கு நெருக்கமானது லிங்கன்ஷயரில் லௌத் என்ற ஊரின் கணக்குப் புத்தகம். அங்கே கோவிலின் கூர்கோபுரத்தை 1501-இல் தொடங்கி 1515-இல் முடித்தார்கள். தரையிலிருந்து உச்சி வரை ஏறக்குறைய 287 அடி, மொத்தச் செலவு 305 பவுன் சொச்சம். பதினான்கு வருஷம் அந்தச் செலவை எழுதிவைத்திருக்கிறார்கள். கடைசியில் உச்சியில் வைத்த காற்றுக்காட்டிச் சேவல், ஸ்காட்லாந்து அரசரிடமிருந்து 1513-இல் ஃபிளாடன் போரில் கொள்ளையாக வந்த ஒரு செப்புப் பாத்திரத்தை வாங்கி அடித்துச் செய்தது. அதைத் தூக்கிவைத்த அன்று பங்குத் தந்தை மந்திரிக்க, மணியெல்லாம் அடிக்க, ஊரே கூடியிருக்கிறது. நம்மூர்க் கொடியேற்றத்தைப் பார்த்தவர்களுக்கு அந்த நாள் எப்படி இருந்திருக்கும் என்று விளக்க வேண்டியதில்லை.

ஏன் பதினான்கு வருஷம் என்றும் கேட்பீர்கள். சுண்ணாம்புச் சாந்து மெதுவாகத்தான் இறுகும், அவசரப்பட்டு மேலே ஏற்றினால் கீழ்ப்பகுதி பிதுங்கும். உறைபனியும் சாந்துக்கு ஆகாது. அதனால் பனிக்காலம் வந்ததும் சுவர்த் தலையில் வைக்கோலும் சாணமும் போட்டு மூடிவிட்டு, வேலையை வசந்தத்தில்தான் திரும்ப எடுப்பார்கள்.

கேள்வி (பொறியியல் மாணவர், ஜாலஹள்ளி): முறுக்கிக்கொண்டு நிற்கும் கோபுரம் ஒன்றின் படம் வாட்ஸ்ஆப்பில் வந்தது. நிஜமா?

பதில்: நிஜம்தான் தம்பி. இங்கிலாந்தில் செஸ்டர்ஃபீல்டில் இருக்கும் புனித மரியாள் மற்றும் சகல புனிதர்கள் கோவில். 228 அடி உயரம், 45 பாகை முறுக்கு, உச்சி நேர்கோட்டிலிருந்து 9 அடிக்கு மேல் விலகியிருக்கிறது. உள்ளே முழுக்க மரம், மேலே சுமார் 33 டன் ஈயத்தகடு. காயாத பச்சை மரத்தை வைத்துக் கட்டினார்கள், குறுக்குக் கட்டுகள் போதவில்லை. போதாததற்குத் தெற்குப் பக்க ஈயம் வெயிலில் வடக்கைவிட அதிகம் விரிந்து விரிந்து இழுத்திருக்கிறது. 1348-49 கொள்ளைநோயில் இங்கிலாந்தில் மூன்றில் ஒரு பங்குக்குக் குறையாமல் செத்துப்போனார்கள். இந்தக் கோபுரம் எழுந்தது அதற்குச் சில வருஷங்களுக்குப் பின்னால், 1362 வாக்கில். கைதேர்ந்த தச்சர்கள் செத்துப்போனதால்தான் குறுக்குக் கட்டு விட்டுப்போனது என்றும் ஒரு கருத்து உண்டு. நீங்கள் பொறியியல் படிப்பதால் சொல்கிறேன், அறுநூறு வருஷத்துக்கு மேலாக அது விழவில்லை என்பதையும் சேர்த்துக் கணக்குப் போட்டுப் பாருங்கள்.

கேள்வி (பூ வியாபாரி, சிவாஜிநகர்): நம்ம மாதா கோவிலும் அந்தக் காலத்துக் கட்டடமா? வெளிநாட்டிலிருந்து வந்தவர் ஒருவர் அப்படிச் சொன்னார்.

பதில்: இல்லை அண்ணே, சாயல்தான் அந்தக் காலத்துடையது. இப்போது நிற்கும் மரியன்னை பேராலயம் 1875-இல் தொடங்கி, 1882 செப்டம்பர் 8 அன்று அர்ச்சிக்கப்பட்டது. அருட்தந்தை கிளைனர் எழுப்பியது. கோபுரம் 160 அடி. கூர் வளைவு, ஊசிக் கோபுரம் எல்லாம் ஐரோப்பிய இடைக்காலத்திலிருந்து எடுத்து 19ஆம் நூற்றாண்டில் திரும்பக் கட்டியவை. ஏழே வருஷத்தில் முடிந்துவிட்டதால் மேலே சொன்ன ஒட்டும் தழும்பும் இங்கே தேடினால் கிடைக்காது.

ஆனால் இடத்தின் கதை கட்டடத்தைவிடப் பழையது. செஞ்சிப் பக்கத்திலிருந்து வந்து குடியேறிய தமிழ்க் கிறிஸ்தவர்களுக்காக 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆபே துபுவா என்ற பிரெஞ்சுப் பாதிரியார் இங்கே ஒரு சின்னக் கோவில் எழுப்பினார். காணிக்கை மாதா என்று அழைத்தார்கள். செப்டம்பரில் காவி உடுத்தி ரஸல் மார்க்கெட்டைச் சுற்றி வரும் கூட்டத்தையும், மாதாவுக்குச் சாத்தும் சேலையையும் நீங்கள் தினம் பார்க்கிறவர். அந்த வெளிநாட்டவரிடம் வளைவு ஐரோப்பாவினுடையது, சேலை நம்முடையது என்று தைரியமாகச் சொல்லுங்கள்.

கேள்வி (பெயர் வேண்டாம், இந்திராநகர்): எங்கள் சொந்த ஊரில் நூற்றைம்பது வருஷப் பழைய கோவில். சுண்ணாம்புக் காரைச் சுவர். உதிர்கிறது என்று சொல்லி, முழுக்கச் சிமெண்ட் பூசி டைல்ஸ் ஒட்டலாம் என்று கமிட்டி முடிவெடுத்திருக்கிறது. வெளியூரில் இருக்கும் நாங்கள் பணம் அனுப்ப வேண்டும். சரியா?

பதில்: தயவுசெய்து இந்த வேலைக்குப் பணம் அனுப்பாதீர்கள். சொல்ல எனக்கே கஷ்டமாக இருக்கிறது, ஆனால் எனக்குத் தெரிந்த ஒரு கோவிலில் இதே காரியம் நடந்தது. மூன்றாவது மழைக்காலம் முடிந்து போனபோது தரையிலிருந்து இடுப்புயரத்துக்குச் சிமெண்ட் ஓடு மாதிரி எழும்பி நின்றது. விரலால் தட்டினேன், ‘டொக்’ என்று வெற்றொலி. ஒரு துண்டு பெயர்ந்து விழுந்தது. பின்னால் இருந்த செங்கல் ஈரத்தில் ஊறி மாவாக உதிர்ந்தது, அதன்மேல் உப்பு வெள்ளை வெள்ளையாகப் பூத்திருந்தது.

காரணம் எளிது. பழைய சுவர் தரையிலிருந்து ஈரத்தை உறிஞ்சும், சுண்ணாம்புப் பூச்சு வழியாக அதை வெளியே விட்டுவிடும். சிமெண்ட் அந்த வழியை அடைத்துவிடுகிறது. ஈரம் உள்ளேயே நின்று, உப்பு படிந்து, செங்கல்லையே உடைக்கிறது. பூச்சு சுவரைவிடப் பலவீனமாக இருக்க வேண்டும், உதிர்வது பூச்சாக இருக்கட்டும், கல்லாக இருக்கக் கூடாது என்பதுதான் பழைய கொத்தனார்களின் கணக்கு. உங்கள் ஊர்ச் சுவர் உதிர்வது அதன் வேலையைச் செய்வதால்கூட இருக்கலாம்.

இங்கிலாந்திலும் இந்தத் தப்பு நடந்தது. 19ஆம் நூற்றாண்டில் ‘சீர்திருத்துகிறோம்’ என்று சொல்லி, பழைய பூச்சைச் சுரண்டி, பிற்கால ஜன்னலையெல்லாம் பிடுங்கிவிட்டு, தங்களுக்குப் பிடித்த நூற்றாண்டின் ஜன்னலை வைத்தார்கள். இதைப் பொறுக்காமல் கவிஞரும் வடிவமைப்பாளருமான வில்லியம் மாரிஸ் 1877-இல் பழங்கட்டடப் பாதுகாப்புக்கு ஒரு சங்கமே தொடங்கினார். புதுசாக்காதே, அன்றாடம் கவனி என்பதுதான் அவர்கள் கேட்டது. ஓடு மாற்று, தூம்பில் அடைத்த இலையை எடு, விரிசலைச் சுண்ணாம்பால் அடை.

இன்னொரு விஷயம். சால்ஸ்பரியில் புனித தோமா கோவிலில், பீடத்துக்கு முன்னிருக்கும் வளைவின் மேல் 15ஆம் நூற்றாண்டில் வரைந்த கடைசித் தீர்ப்பு ஓவியம் இருக்கிறது. இங்கிலாந்துத் திருச்சபை ரோமைவிட்டுப் பிரிந்த மதச் சீர்திருத்தத்துக்குப் பிறகு அதை 1593-இல் வெள்ளையடித்து மறைத்துவிட்டார்கள். 1819-இல் அந்த வெள்ளைக்குக் கீழிருந்து அது வெளியே வந்தது. மறைத்தது சுண்ணாம்பு என்பதால் பிழைத்தது. உங்கள் ஊர்ச் சுவரிலும் எத்தனை அடுக்கு வெள்ளை இருக்கிறது, அதற்குக் கீழே என்ன வரைந்திருக்கிறார்கள் என்று யாராவது பார்த்தார்களா?

கமிட்டியிடம் சண்டை வேண்டாம், அவர்களும் கோவில் மேல் உள்ள பாசத்தில்தான் செய்கிறார்கள். முதலில் ஒரு மழை நாளில் சுற்றிவந்து தண்ணீர் எங்கே தேங்குகிறது என்று பார்க்கச் சொல்லுங்கள். சுவரை ஒட்டிச் சிமெண்ட் தளம் போட்டிருந்தால் அதை உடைத்து எடுக்க வேண்டும். சுண்ணாம்பு நீற்றி அரைத்துப் பூசத் தெரிந்த கொத்தனார்கள் தென்மாவட்டங்களிலும் செட்டிநாட்டுப் பக்கமும் இன்னும் இருக்கிறார்கள். அவர்களில் ஒருவரை வரவழைத்து, பின்பக்கச் சுவரில் நாலடிக்கு நாலடி மட்டும் பூசிக் காட்டச் சொல்லுங்கள், ஒரு மழைக்காலம் பொறுத்திருந்து பாருங்கள். நீங்கள் அனுப்ப நினைத்த பணத்தை அந்த நாலடிக்கு முதலில் அனுப்புங்கள்.