சாலை வேலையில் இன்னும் ஏன் அடி, இன்ச், யூனிட் என்றே பேசுகிறார்கள்? மெட்ரிக்குக்கு மாறியாகிவிட்டதே?

காகிதத்தில் மாறிவிட்டோம், டேப்பில் மாறவில்லை. என் பதில் இதுதான். அமெரிக்காவிலும் இந்தச் சிக்கல் உண்டா என்று கேட்டிருந்தீர்கள், அதற்கும் வருகிறேன். திருநெல்வேலிப் பக்கம் ஊர்ச் சாலை வேலைகளில் சூப்பர்வைசராக இருந்தவன் நான்.

நாங்குநேரிப் பக்கம் ஒரு சாலை. எஸ்டிமேட்டில் அகலம் 3.75 மீட்டர். காலையில் நூல் கட்டும்போது மேஸ்திரி, "பன்னிரண்டு அடிதானே தம்பி?" என்றார். நானும் "ஆமா அண்ணாச்சி" என்று சொல்லிவிட்டு ஜல்லி இறக்குகிற இடத்துக்குப் போய்விட்டேன். 12 அடி என்றால் 3.66 மீட்டர்தான். ஒன்பது சென்டிமீட்டர்தானே என்று தோன்றும், ஆனால் ஒரு கிலோமீட்டருக்கு அது 92 சதுர மீட்டர் சாலை, அந்த ஊர்க்காரர்களுக்குச் சேர வேண்டியது. ஜல்லி விரித்து ரோலர் ஓட்டி முடித்த பிறகு அளக்க வந்த பொறியாளர்தான் கண்டுபிடித்தார். ஒன்பது சென்டிமீட்டர் பட்டையை அப்படியே ஓரத்தில் ஒட்டவைக்க முடியாது, அந்த அகலத்தில் பெரிய ஜல்லி ஒன்றையொன்று கவ்விப் பிடிக்காது, ரோலர் ஏறினால் வெளியே பிதுங்கும். ஒரு பக்கம் ஒரு முழத்துக்கு வெட்டி எடுத்து மறுபடி நிரப்பினோம். தப்பு என்னுடையது, மேஸ்திரியுடையது இல்லை. அவர் கையில் இருந்த டேப்பில் இன்ச் பக்கம்தான் அவருக்குப் பழக்கம்.

தடிமனில் இந்தச் சிக்கல் வராது, 75 மில்லிமீட்டரும் மூன்று இன்ச்சும் கிட்டத்தட்ட ஒன்று. அகலத்திலும் கொள்ளளவிலும்தான் மாட்டிக்கொள்வோம். ஜல்லி, எம்-சாண்ட் எல்லாம் யூனிட் கணக்கில் வருகின்றன, அதாவது 100 கன அடி, அதாவது 2.83 கன மீட்டர். லாரி பாடியை அடியில் அளந்து காசு கொடுத்துவிட்டு, எம்-புக்கில், அதாவது வேலையின் அளவுகளைப் பதியும் புத்தகத்தில், கன மீட்டரில் எழுத வேண்டும். அவசரத்தில் யூனிட்டை மூன்று கன மீட்டர் என்று வைத்தால் 100 யூனிட்டுக்கு 17 கன மீட்டர், அதாவது ஆறு யூனிட் ஜல்லி, காகிதத்தில் மட்டும் இருக்கும்.

சட்டம் இல்லாமல் இல்லை. எடை அளவுச் சட்டம் 1956-இல் வந்தது, 1958 அக்டோபரிலிருந்து மெட்ரிக் படிப்படியாகப் புழக்கத்துக்கு வந்தது. ஆனாலும் பட்டாவில் ஹெக்டேர், ஏர்ஸ் என்று இருப்பதை நாம் சென்ட் என்றுதான் பேசுகிறோம், கிலோமீட்டர் எழுதிய கல்லை மைல் கல் என்றுதான் சொல்கிறோம். பேச்சில் இருந்துவிட்டுப் போகட்டும், அதனால் யாருக்கும் நட்டமில்லை. காசும் அளவும் கை மாறுகிற இடத்தில் இரண்டு கணக்கு இருப்பதுதான் ஆபத்து.

சரி, அமெரிக்கா. அங்கே 1988-இல் மெட்ரிக்கே விரும்பத்தக்க முறை என்று சட்டம் போட்டார்கள். மத்திய அரசு நிதியில் நடக்கும் சாலை வேலைகளுக்கு 1996 வரை கெடு, அப்புறம் அதை 2000-க்குத் தள்ளினார்கள், 1998-இல் கட்டாயத்தையே எடுத்துவிட்டார்கள். வரைபடங்களை மீட்டரில் போட்டு வேலை நடத்திய மாநிலங்கள்கூட மறுபடி அடிக்குத் திரும்பின. அரிசோனாவில் டூசானிலிருந்து நொகாலஸ் போகும் ஐ-19 சாலையில் மட்டும் தூரப் பலகைகள் கிலோமீட்டரில் நின்றன, அங்கேயும் வேக வரம்பு மைலில்தான். நாம் கட்டாயத்தை விடவில்லை, அது பெரிய விஷயம். ஆனால் சட்டத்தைச் சைட் வரைக்கும் கொண்டுபோகவில்லை.

அந்தச் சாலைக்கு அப்புறம் நான் ஒன்று செய்தேன். ஒரு பழைய பைப்பைச் சரியாக 3.75 மீட்டருக்கு அறுத்து, இரண்டு முனையிலும் சிவப்புப் பெயின்ட் அடித்து மேஸ்திரியிடம் கொடுத்தேன். நூல் கட்டும்போது அதை வைத்துப் பார்த்தால் போதும், எந்தக் கணக்கும் போட வேண்டாம். லாரி வந்ததும் யூனிட்டை 2.83-ஆல் பெருக்கி, டிரைவர் நிற்கும்போதே ரசீதின் பின்பக்கம் எழுதிவிடுவேன். நீங்கள் சைட்டில் இருப்பவர் என்றால் இந்த இரண்டையும் நாளைக்கே தொடங்கலாம்.