நட்டு கழன்ற பிறகும் அவுட்போர்டு மோட்டாரின் காத்தாடி வெளியே வரவில்லை, என்ன செய்யலாம்?

செகண்ட் ஹேண்டில் வாங்கிய 9.9 எச்.பி. அவுட்போர்டு மோட்டார் (படகின் பின்னால் மாட்டும் இன்ஜின்), ஸ்பிளிட் பின்னும் (நட்டு கழலாமல் பூட்டும் பின்) நட்டும் கழன்றுவிட்டன, காத்தாடி (ப்ரொப்பெல்லர்) மட்டும் ஷாஃப்ட்டில் வெல்டிங் வைத்தது போல நிற்கிறது, சுத்தியலால் அடிக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். அடிக்கலாம், ஆனால் நீங்கள் நினைக்கும் இடத்தில் இல்லை. நான் பாம்பன் பக்கத்துக்காரன். மாமாவின் ஃபைபர் படகில் இந்த வேலையைப் பத்துப் பதினைந்து தடவையாவது செய்திருப்பேன், அதில் முதல் இரண்டு தடவை உருப்படியாகக் கெடுத்தும் இருக்கிறேன்.

முதலில் பாதுகாப்பு. நட்டைக் கழற்றும்போது காத்தாடி சுற்றாமல் இருக்க மோட்டாரைக் கியரில் போட்டிருப்பீர்கள். கியரில் இருக்கும்போது காத்தாடியைக் கையால் திருப்பினால் மேலே இன்ஜினும் சேர்ந்து திரும்பும், சிலிண்டரில் கொஞ்சம் பெட்ரோல் ஆவி மிச்சம் இருந்தால் ஸ்டார்ட் ஆகவும் செய்யும். விரல் போய்விடும். அதனால் இன்ஜினை நிறுத்தும் கில் சுவிட்சின் கிளிப்பை எடுங்கள், ஸ்பார்க் பிளக் ஒயர்களைப் பிடுங்கி ஓரமாகக் கட்டி வையுங்கள். ரொம்பச் சின்ன மோட்டார்களில் (2, 3 எச்.பி.) குறுக்கே ஒரு பின் போகும், அதை எடுக்காமல் இழுத்தால் காலம் பூராவும் வராது. உங்களுடையது பல் வெட்டிய ஷாஃப்ட்டாகத்தான் இருக்கும், இருந்தாலும் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

ஏன் பிடிக்கிறது என்று தெரிந்தால் எங்கே வேலை செய்ய வேண்டும் என்பதும் தெரிந்துவிடும். காத்தாடி பார்க்க ஒரே அலுமினிய வார்ப்பு போலத் தெரியும், ஆனால் நடுவில் ஒரு ரப்பர் புஷ் இருக்கிறது, அந்த ரப்பருக்குள்ளே ஒரு உலோகக் குழாய், பெரும்பாலும் பித்தளை. அந்தக் குழாயின் உள்பக்கப் பற்கள்தான் ஷாஃப்ட்டின் பற்களில் கோத்து உட்காருகின்றன. பாறையிலோ மணல்திட்டிலோ காத்தாடி மோதினால் ரப்பர் வழுக்கிக் கொடுக்கும், கியர் தப்பிக்கும், அதற்குத்தான் அந்த ஏற்பாடு. ஷாஃப்ட் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல், குழாய் வேறு உலோகம், நடுவில் உப்புத் தண்ணீர். இரண்டு வெவ்வேறு உலோகமும் உப்புத் தண்ணீரும் சேர்ந்தால் அது பேட்டரி மாதிரிதான், ஒரு உலோகம் அரித்துப் பொடியாகி அந்தப் பொடி பல் இடுக்கில் இறுகிவிடும். கிரீஸ் போட்டிருந்தால் தண்ணீருக்கு உள்ளே இடமே இருந்திருக்காது. உங்களுக்கு விற்றவர் வருடக்கணக்கில் கழற்றவே இல்லை என்று நினைக்கிறேன்.

ஆக, இறுகியிருப்பது நடுக்குழாயும் ஷாஃப்ட்டும். காத்தாடியின் பிளேடில் அடித்தால் அந்த அடி அலுமினியத்துக்கும் ரப்பருக்கும்தான் போகும், குழாய்க்குப் போய்ச் சேராது. ஐப்பசி மழையில் ஒன்றரை மாதம் படகு கரையில் கிடந்தபோது நான் செய்த முதல் தப்பு அதுதான், பின்பக்கமிருந்து பிளேடில் சுத்தியலால் நாலு போடு போட்டேன், நுனி ஒரு விரல் அளவுக்கு உடைந்து விழுந்தது. அதோடு ஓட்டினால் படகே உதறும். இரண்டாவது தடவை புத்திசாலித்தனமாக கேஸ் டார்ச்சைக் கொண்டுபோனேன். கறுப்புப் புகையோடு ரப்பர் எரிந்து காத்தாடி அழகாக வெளியே வந்தது, குழாய் மட்டும் ஷாஃப்ட்டிலேயே நின்றது. "கழட்டச் சொன்னா கருமாதியே பண்ணிட்டியே மாப்ள" என்றார் மாமா.

சரி, இப்போது உங்கள் மோட்டார். மோட்டாரைத் தூக்கி, ஷாஃப்ட்டின் நுனி மேல்நோக்கி நிற்கும்படி எவ்வளவு சாய்க்க முடியுமோ அவ்வளவு சாய்த்துக் கட்டுங்கள், கழற்றிப் படுக்கவைக்க முடிந்தால் இன்னும் நல்லது. எண்ணெய் பல்லுக்குள் இறங்க வேண்டும், அதுதான் கணக்கு. டபிள்யூ.டி. 40 (துரு இளக்கும் ஸ்ப்ரே) பரவாயில்லை, ஆனால் என் அனுபவத்தில் பவர் ஸ்டீயரிங்கிற்கு ஊற்றும் ஏ.டி.எஃப். எண்ணெயும் அசிட்டோனும் பாதிக்குப் பாதி கலந்தது அதைவிட நன்றாக ஊடுருவுகிறது (அசிட்டோன் பக்கத்தில் பீடி, சிகரெட் கூடாது). இரண்டும் கிடைக்காவிட்டால் மண்ணெண்ணெயும் டீசலும் போதும், நாள் கூடுதலாக ஆகும். காலையில் ஒருமுறை, மாலையில் ஒருமுறை ஊற்றுங்கள். இரண்டு நாள், அடம்பிடித்தால் மூன்று நாள். இந்தக் காத்திருப்பில்தான் பாதிப்பேர் தோற்றுப்போகிறார்கள், நானும் அப்படித்தான்.

நடுநடுவே கொதிக்கும் தண்ணீரைக் காத்தாடியின் நடுப்பகுதியில் ஊற்றலாம். ஒரு டிகிரி சூட்டுக்கு மீட்டருக்குப் பித்தளை 19 மைக்ரான் விரியும், ஸ்டெயின்லெஸ் வகையைப் பொறுத்து 10 முதல் 17 வரைதான். விரலளவு ஷாஃப்ட்டில் இந்த வித்தியாசம் தலைமுடியின் தடிமனில் ஒரு சின்னப் பங்குதான் என்றாலும், பொடியின் பிடி தளர்ந்து எண்ணெய் உள்ளே போக அது உதவுகிறது. தண்ணீர் சூட்டில் ரப்பரும் ஆயில் சீலும் (கியர் ஆயில் வெளியே வராமலும் தண்ணீர் உள்ளே போகாமலும் தடுக்கும் வளையம்) பிழைத்துக்கொள்ளும், டார்ச்சில் பிழைக்காது.

அடிக்கும் முறை இது. நட்டைத் திரும்ப ஷாஃப்ட்டில் மாட்டி நுனியோடு சமமாக வரும்வரை சுற்றிவிடுங்கள், மரை அடிபடாமல் தப்பும். ஒரு கெட்டியான மரக்கட்டையைப் பிளேடுகளுக்கு நடுவில் இருக்கும் தடித்த உருளைப் பகுதியின் மேல், பக்கவாட்டில் வைத்துத் தட்டுங்கள், கொஞ்சம் திருப்பி அடுத்த பக்கம் தட்டுங்கள், அப்படியே சுற்றி வாருங்கள். உடைப்பதற்காக அல்ல, அதிர்வுக்காக. ஷாஃப்ட் நுனியில் மட்டும் ஒருபோதும் அடிக்காதீர்கள், அந்த அடி நேரே கியருக்கும் பேரிங்குக்கும் போகும். காத்தாடிக்கும் கியர் பாக்ஸுக்கும் நடுவில் உளியைச் செருகி நெம்பும் ஆட்களும் உண்டு. அந்த இடத்து வார்ப்பு அலுமினியம், ஒரு பட்டறையில் அப்படி நெம்பி விளிம்பில் விரிசல் விழுந்ததை என் கண்ணால் பார்த்தேன், காத்தாடி போனால் வேறு வாங்கலாம், கியர் பாக்ஸ் போனால் பாதி மோட்டார் போன மாதிரி.

இதிலும் வரவில்லை என்றால் புல்லர், அதாவது பிடித்து இழுத்துக் கழற்றும் கருவி. லேத் பட்டறையில் மூன்று கால் புல்லர் வாடகைக்குத் தருவார்கள். கால்கள் உருளையின் முன்விளிம்பைப் பிடிக்க வேண்டும், பிளேடை அல்ல. நடு போல்ட்டை ஷாஃப்ட் நுனிக்குழியில் உட்காரவைத்து நன்றாக முறுக்கி, உருளையில் பக்கவாட்டில் ரெண்டு தட்டு தட்டி, அந்த இறுக்கத்திலேயே ராத்திரி முழுக்க விட்டுவிடுங்கள். எனக்கு ஒருமுறை விடியற்காலையில் டப்பென்று சத்தம் கேட்டது, போய்ப் பார்த்தால் காத்தாடி கொஞ்சம் நகர்ந்திருந்தது.

புல்லர் போட்டு ரப்பர் கிழிந்து வந்துவிட்டாலும் பதற வேண்டாம். மிச்சம் நிற்கும் குழாயில் சின்ன கிரைண்டரால் நீளவாக்கில் ஒரு கோடு கிழியுங்கள், பல் வரை போகாமல் முக்கால் ஆழத்தோடு நிறுத்திவிடுங்கள். கோட்டில் உளியை வைத்து ஒரு தட்டு தட்டினால் பிளந்துவிடும். காத்தாடிக்குப் புது புஷ் ஏற்றிக்கொள்ளலாம்.

கழன்றதும் எல்லோரும் காத்தாடியைத்தான் பார்ப்பார்கள், நீங்கள் அதன் பின்னால் இருந்த வாஷரை எடுத்துவிட்டு ஆயில் சீல் பக்கம் பாருங்கள். தங்கூசி நரம்பு (மீன்பிடி நைலான் இழை) சுற்றி இறுகி அங்கே உட்கார்ந்திருக்கும், எங்கள் கடலில் பத்தில் ஐந்து மோட்டாரிலாவது இருக்கும். அது சீலைத் தின்றுவிடும். நரம்பைப் பிளேடால் வெட்டி எடுங்கள், பற்களைக் கம்பி பிரஷ்ஷாலும் மண்ணெண்ணெயாலும் துடையுங்கள், தண்ணீருக்குக் கரையாத மெரைன் கிரீஸைத் தாராளமாகப் பூசுங்கள். கிராஃபைட் கலந்த கிரீஸ் வேண்டாம், அது அரிப்பைக் கூட்டும். வாஷரின் சரிவு ஷாஃப்ட்டின் சரிவோடு பொருந்தி உட்கார வேண்டும், ஸ்பிளிட் பின் புதிது போடுங்கள், துளை நேராக வராவிட்டால் நட்டை இன்னும் கொஞ்சம் இறுக்கித்தான் நேராக்க வேண்டும், தளர்த்தி அல்ல. இனிமேல் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை கழற்றிக் கிரீஸ் போட்டால் பத்து நிமிட வேலைதான்.

நரம்பு இருந்திருந்தால் கடலுக்குப் போகும் முன் கியர் பாக்ஸின் கீழ்த் திருகைத் திறந்து ஆயிலை ஒரு டம்ளரில் பிடியுங்கள். பால் கலந்த காபி மாதிரி வந்தால் தண்ணீர் உள்ளே போயிருக்கிறது, சீலை மாற்றாமல் இறக்காதீர்கள்.