பழைய காருக்கு எஃப்.சி.: கேட்டவையும் சொன்னவையும்

சென்னையில் பழைய கார் வைத்திருப்பவர்களுக்கான கேள்வி பதில் இது. எஃப்.சி. என்பது வண்டி ஓட்டத்தக்கது என்று ஆய்வு செய்து தரும் தகுதிச் சான்று. பிரேக், சஸ்பென்ஷன், பாட்டம் (வண்டியின் அடித்தகடு), ஆர்.டி.ஓ. ஆய்வு பற்றிக் கேளுங்கள். வண்டி என்ன விலைக்குப் போகும் என்று மட்டும் கேட்க வேண்டாம்.

பெரம்பூர்: அப்பாவின் 1978 பியட் இருக்கிறது சார். வருஷா வருஷம் எஃப்.சி. காட்ட வேண்டுமா?

வேண்டாம். சொந்த உபயோகக் காருக்கு முதல் பதிவு 15 ஆண்டு. அதன்பின் 5 ஆண்டுக்கு ஒருமுறை வண்டியைக் காட்டிப் புதுப்பிக்க வேண்டும். மஞ்சள் போர்டு வண்டிக்குத்தான் 8 ஆண்டு தாண்டியதும் ஆண்டுதோறும் எஃப்.சி. உங்களுக்குப் படிவம் 25; ஆர்.சி. (பதிவுச் சான்று) முடிவதற்கு முந்தைய 60 நாளுக்குள் விண்ணப்பிக்கலாம். 20 ஆண்டு தாண்டிய காருக்குப் புதுப்பிப்புக் கட்டணம் 2025 ஆகஸ்டிலிருந்து 10,000 ரூபாய். பசுமை வரி தனி.

ஆனால் ஒன்று. நடுவில் அந்த ஐந்து வருடமும் யாரும் உங்கள் வண்டிக்கு அடியில் குனிந்து பார்க்கப்போவதில்லை. மழைக்காலம் முடிந்ததும் வருடம் ஒருமுறை நீங்களே ஒரு நல்ல மெக்கானிக்கை வைத்துப் பாருங்கள். முதலில் பிரேக் ஹோஸ், அதாவது பிரேக் ஆயில் போகும் ரப்பர் குழாய். எப்போது போட்டது என்று தெரியாத ஹோஸை யோசிக்காமல் மாற்றுங்கள். வெளியே பளபளவென்று இருக்கும், உள்ளே ரப்பர் ஊதி வழியை அடைத்திருக்கும்.

கொளத்தூர்: 15 வருஷம் ஆன பெட்ரோல் வண்டியை ஓட்டவே கூடாதாமே?

அது டெல்லியும் அதைச் சுற்றிய பகுதியும் சம்பந்தப்பட்டது. சென்னையில் ஆர்.சி.யைப் புதுப்பித்துவிட்டு ஓட்டலாம்.

பள்ளிக்கரணை: அம்பாசடர் வெள்ளத்தில் நின்ற வண்டி. பாட்டத்தில் தகடு வைத்துக் கருப்பு பெயிண்ட் அடித்துத் தருவதாக டிங்கர் சொல்கிறார். எஃப்.சி.யில் பாஸ் ஆகுமா?

பாஸ் ஆகலாம். அதனால்தான் எனக்குக் கவலை. அம்பாசடருக்குத் தனி சேஸிஸ் கிடையாது. தரையும் கதவுக்குக் கீழே ஓடும் பெட்டியும் சேர்ந்துதான் வண்டியைத் தாங்குகின்றன. துருவின் மேல் தகடு ஒட்டினால் துரு உள்ளே தின்றுகொண்டேதான் இருக்கும். ஒரு பக்கம் ஜாக்கி போட்டுத் தூக்கிவிட்டுக் கதவைத் திறந்து மூடிப் பாருங்கள். கதவு இடித்தால் பாடி வளைகிறது என்று அர்த்தம். துருவை நல்ல இரும்பு தெரியும்வரை வெட்டி எடுத்துவிட்டு வெல்டு வைக்கச் சொல்லுங்கள். கருப்பு பூச்சு அதற்கு அப்புறம்.

வில்லிவாக்கம்: பத்மினி காருக்குப் புகைச் சான்றிதழ் கிடைக்கவில்லை.

பத்மினி காலத்துப் பெட்ரோல் காருக்கு ஐடிலிங்கில் (வண்டி நின்றபடி இன்ஜின் ஓடும்போது) கார்பன் மோனாக்சைடு 3 சதவீதம் வரை அனுமதி, ஹைட்ரோகார்பன் 1500 பிபிஎம். நல்ல கார்புரேட்டருக்கு இது எளிது. ஏர் ஃபில்டர், பிளக், டிஸ்ட்ரிபியூட்டர் பாயிண்ட்டின் இடைவெளி பாருங்கள். சோக் முழுதும் திரும்புகிறதா என்று பாருங்கள். இருபது நிமிடம் ஓட்டி இன்ஜின் சூடானதும் நேரே மையத்துக்குப் போங்கள். உங்கள் வண்டிக்குச் சான்றிதழ் 6 மாதம்தான்.

தாம்பரம்: ஸ்டாண்டர்ட் ஹெரால்டு அண்ணா. ஸ்டீயரிங் கனமாக இருக்கிறது. ஆய்வுக்கு முன் முன்பக்கம் கிரீஸ் அடித்தால் போதுமா?

தம்பி, கிரீஸ் கன்னைக் கீழே வையுங்கள். உங்கள் ஊருக்குப் பக்கத்தில் வண்டலூர் ஆலையில் உருவான கார் அது. அதை ஒழுங்காகப் பார்த்துக்கொள்ளத் தெரிந்தவர்கள் இங்கேயே குறைந்துவிட்டார்கள் என்பதில் எனக்கு வருத்தம் உண்டு. முன் சக்கரத்தைத் தாங்கும் இரும்புத் தண்டின் அடிப்பகுதி மரையோடு ஒரு வெண்கலத் துண்டுக்குள் திருகி நிற்கும். அதற்குப் பெயர் டிரன்னியன். ஸ்டீயரிங்கைத் திருப்பும்போதெல்லாம் அந்த மரைதான் திரும்புகிறது. அதற்குக் கியர் ஆயில், இபி 90. கிரீஸ் அடித்தால் மரையின் அடிவரை இறங்காது. தண்ணீர் புகுந்து இரும்பு அரித்து, ஒருநாள் தண்டு முறிந்து சக்கரம் உள்ளே மடங்கும். பெரும்பாலும் மெதுவாக வளைந்து திருப்பும்போது நடக்கும். பிரேக் இன்ஸ்பெக்டர் வண்டியை ஒரு சுற்று ஓட்டிப் பார்ப்பதில் இது தெரியாது. கழற்றி, மரையில் குழி விழுந்திருக்கிறதா என்று பார்த்து, ஆயில் விட்டு மாட்டுங்கள். ஆயில் மாற்றியும் கனமாகவே இருந்தால் ஓட்டாதீர்கள். கழற்றும்போதே ஹோஸையும் மாற்றிவிடுங்கள்.

ஆவடி: டெல்லி மாதிரி இங்கேயும் 15 வருஷத் தடையா?

இல்லை. மேலே கொளத்தூர்காரருக்குச் சொன்னதுதான்.

திருவல்லிக்கேணி: 1956 லேண்ட்மாஸ்டர். விண்டேஜ் பதிவு வாங்கலாமா? கல்யாணத்துக்கு வாடகைக்கும் விட எண்ணம்.

50 ஆண்டு ஆகியிருக்க வேண்டும். பாடி, சேஸிஸ், இன்ஜினில் பெரிய மாற்றம் கூடாது. புதிய பதிவுக்கு 20,000 ரூபாய், 10 ஆண்டு செல்லும். பதிவில் இருக்கும் வண்டி என்றால் பழைய மெட்ராஸ் நம்பரையே வைத்துக்கொள்ளலாம். ஆனால் கண்காட்சி, ராலி, பெட்ரோல், பராமரிப்புக்குத்தான் சாலைக்கு வரலாம். வாடகை கூடாது.

அண்ணா நகர்: இங்கிலாந்தில் 40 வருஷம் தாண்டினால் ஆய்வே இல்லை. நமக்கும் விலக்கு கேட்க வேண்டாமா?

வேண்டாம் என்பதுதான் என் கருத்து. அங்கே 2018 மே முதல் அந்த விலக்கு உண்டு, பெரிய மாற்றம் செய்யாத வண்டிக்கு. ஆனால் வண்டியை ஓட்டத்தக்க நிலையில் வைப்பது உரிமையாளரின் சட்டப் பொறுப்பாகவே தொடர்கிறது. ஜெர்மனியில் 30 ஆண்டு தாண்டி வரலாற்று வாகனப் பலகை வாங்கினாலும் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை ஆய்வு உண்டு. அதுதான் எனக்குச் சரியாகப் படுகிறது.

அண்ணா நகர், மறுபடி: பழைய கார்க்காரர்கள் பிள்ளை மாதிரிப் பார்த்துக்கொள்கிறோம். ஆய்வாளருக்கு இந்த வண்டிகளைத் தெரியவே தெரியாது.

அன்பை நான் மறுக்கவில்லை. ஆனால் இந்த வண்டிகளில் பிரேக் ஒரே சர்க்யூட். ஒரு வீல் சிலிண்டர் கசிந்தால் நான்கு சக்கரத்துக்கும் பிரேக் போய்விடும். வடபழனி சிக்னலில் உங்களுக்கு முன்னால் நிற்பவர் ஸ்கூட்டரில் குழந்தையோடு இருப்பார். அவர் சார்பாகவும் யாராவது பார்க்க வேண்டும். ஆய்வாளருக்குத் தெரியவில்லை என்றால், தெரிந்தவரை வைக்கச் சொல்லிக் கேட்போம்.

அடையாறு: குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். என் மோரிஸ் மைனரில் பக்கவாட்டில் கை நீட்டும் இன்டிகேட்டர். "எரியவில்லை" என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். அண்ணா நகர்காரர் சொல்வது நியாயம்தானே?

உங்கள் குறை நியாயம். பழைய வண்டியை அது தயாரான காலத்து அமைப்பை வைத்துத்தான் அளக்க வேண்டும். அதற்குத் தனி ஆய்வுமுறை கேளுங்கள், நானும் கையெழுத்துப் போடுகிறேன். விலக்கு கேட்டால் போட மாட்டேன். இருந்தாலும் இருட்டில் பின்னால் வரும் பஸ்காரருக்கு அந்தக் கை தெரியாது; பம்பருக்கு அடியில் சின்ன மஞ்சள் விளக்கு இரண்டு கட்டிக்கொள்ளுங்கள்.

போரூர்: இன்சூரன்ஸில் எவ்வளவு மதிப்பு போடுவார்கள்?

இன்சூரன்ஸ் ஏஜெண்டைக் கேளுங்கள்.

மாதவரம்: டெல்லி சட்டம்...

மேலே படியுங்கள்.

குரோம்பேட்டை: வியாழக்கிழமை ஆர்.டி.ஓ.வில் காட்ட வேண்டும், 1984 பியட். என்ன பார்க்க?

சேஸிஸ் எண்ணை மண்ணெண்ணெய் போட்டுத் துடையுங்கள், காகிதம் வைத்துத் தேய்க்கும் பென்சில் பிரிண்ட் தெளிவாக விழ வேண்டும். எல்லா விளக்கும், ஹார்னும், வைப்பரும் வேலை செய்யட்டும். ஹேண்ட்பிரேக் மேட்டில் நிறுத்த வேண்டும். முன் சக்கரத்தைத் தூக்கி மேலும் கீழும் பிடித்து ஆட்டுங்கள், கிங்பின்னில் (முன் சக்கரம் திரும்பும் அச்சில்) ஆட்டம் இருந்தால் புஷ் மாற்றுங்கள். பிரேக் ஹோஸ் எப்போது போட்டது? தெரியாது என்றால் ஜி.பி. ரோட்டுக்குப் போய்ப் புதிதாக வாங்கி மாட்டிவிட்டு, வியாழனுக்கு முன்பே ஒருமுறை ஓட்டிப் பாருங்கள்.