தவறிய விடையும் அடுத்த வினாவும்

மதிப்பிற்குரிய ஐயா,

சிங்கப்பூரின் உட்லண்ட்ஸில் வசிக்கிறேன், கப்பல் பட்டறையொன்றில் மேற்பார்வையாளராக இருக்கிறேன். ஆஸ்திரேலியாவில் மேற்படிப்புக்காக ஐஇஎல்டிஎஸ் (IELTS) என்னும் ஆங்கிலத் திறன் தேர்வை எழுதினேன். ஒன்பது ஆண்டுகளாக ஆங்கிலத்தில் பேசியே வேலை பார்த்தும் கேட்டல் பகுதியில்தான் மதிப்பெண் குறைந்தது. ஒரு விடை தவறினால் அடுத்த நான்கைந்தும் சேர்ந்து போய்விடுகின்றன. இதற்கு என்ன வழி?

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் செவியில் குறையிருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. பட்டறையில் ஒன்று புரியாவிட்டால் மறுபடி கேட்டுக்கொள்கிறீர்கள். தேர்விலோ ஏறத்தாழ 30 நிமிடத்தில் 40 வினாக்கள், ஒலிப்பதிவு ஒரே ஒருமுறைதான். தவறிய விடையை மனம் தேடிக்கொண்டிருக்கும்போதே அடுத்த விடை கடந்துவிடுகிறது.

கேட்டல் தேர்வின் நான்கு பகுதிகள் ஒவ்வொன்றிலும் விடைகள் வினாக்களின் வரிசையிலேயே வரும் என்பதை உறுதியாகப் பிடித்துக்கொள்ளுங்கள். எப்போதும் இரண்டு வினாக்களின்மேல் கண் இருக்கட்டும். பின்னதற்குரிய செய்தி காதில் விழுந்துவிட்டால் முன்னது முடிந்தது என்று பொருள். அந்த இடத்தை வெறுமையாக விட்டு நகர்ந்துவிடுங்கள். தவறான விடைக்கு மதிப்பெண் கழிக்கப்படுவதில்லை ஆதலால், இறுதியில் ஊகித்தாவது நிரப்பலாம். தாளில் எழுதுவோருக்கு விடைகளைப் படியெடுக்க 10 நிமிடம் உண்டு. கணினியில் எழுதினால் சரிபார்க்க 2 நிமிடம் மட்டுமே.

ஒலிப்பதிவுக்கு முன் தரப்படும் சிறு இடைவெளியில் வினாக்களைப் படித்து, வரவேண்டியது எண்ணா, இடமா, பெயரா என்று குறித்துக்கொள்ளுங்கள். தாளில் உள்ள சொல்லே ஒலிக்கும் என்று காத்திருக்க வேண்டாம். ‘சிறுவர் கட்டணம்’ என்பது பேச்சில் ‘பன்னிரண்டு வயதுக்குட்பட்டவர்களுக்கு’ என்று வரக்கூடும். முதலில் காதில் விழுவதை உடனே நம்பிவிடவும் வேண்டாம். செவ்வாய்க்கிழமை என்று சொன்னவரே, அன்று விடுமுறை என்பது நினைவுக்கு வந்து, புதனுக்கு மாற்றிக்கொள்வார். ‘பட்’, ‘ஆக்சுவலி’ போன்ற சொற்கள் கேட்டால் விழித்துக்கொள்ளுங்கள்.

தமிழர்களாகிய நாம் குறிப்பாகக் கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. ‘ரெண்டு டிக்கெட் குடுங்க’ என்று சொல்லிப் பழகிய நமக்கு, ஆங்கிலப் பன்மையின் கடைசியில் வரும் ‘ஸ்’ ஒலி எளிதில் நழுவிவிடும். சிங்கப்பூர்ப் பேச்சு ஆங்கிலத்திலும் அது பலமுறை விடுபடுவதால் காது அதைத் தேடுவதே இல்லை. பன்மை வேண்டிய இடத்தில் ஒருமையை எழுதினால் அந்த மதிப்பெண் போய்விடும். ஆகவே, எழுதியபின் அந்த வாக்கியத்தை ஒருமுறை படித்து, இலக்கணப்படி பன்மை வேண்டுமா என்று பாருங்கள். ‘தர்ட்டீன்’, ‘தர்ட்டி’ இரண்டையும் அழுத்தம் விழும் இடத்தைக் கொண்டு பிரித்தறியப் பழகுங்கள். எழுத்துப்பிழைக்கும், குறிப்பிட்ட சொல்லளவை மீறியதற்கும் மதிப்பெண் கிடையாது.

பயிற்சித் தேர்வு எழுதும்போது, விடை தெரிந்தாலும் ஏழாம் வினாவை வேண்டுமென்றே விட்டுவிட்டு, எட்டாவதன்மேல் கண்வைத்துக் காத்திருங்கள். மறுநாள் வேறோர் எண்ணை விடுங்கள். விட்டுச்செல்வதையும் பழகித்தான் ஆகவேண்டும். மாதிரித் தேர்வுகளை நூறுமுறை கேட்பவர்கள்கூட இதைச் செய்துபார்ப்பதில்லை. இரண்டு வாரம் செய்துவிட்டு, நான்கு பகுதிகளில் எதில் அதிகம் தவறுகிறது என்று எழுதுங்கள். அதையொட்டி மேலும் பேசுவோம்.